யாருடைய தற்காப்பு?

2018 மே 22, 23 ஆகிய இரண்டு நாட்களில் தூத்துக்குடியில் காவல்துறை சுட்டு 13 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம்பட்டார்கள். அந்த நிகழ்வைப் பற்றி அறிக்கைகளும் கவிதைகளும் ஆவணப்படங்களும் வந்துவிட்டன. நான் இங்கே பேச நினைப்பது நிகழ்வைப் பற்றி அல்ல. அதைச் சுற்றி இன்றுவரை உலவிக்கொண்டிருக்கும் வாக்கியங்களைப் பற்றி. டீக்கடையிலும் மீன் ஏலக்கூடத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே அச்சில் வார்த்தது போல இவை திரும்பத் திரும்ப வருகின்றன. “144 போட்டிருந்தாக, மீறிப் போனா சுடத்தான் செய்வாக.” “முதல்ல வானத்தப் பாத்துத்தான் சுட்டாக.” “போலீஸ்காரன் உயிருக்கு ஆபத்துன்னா அவன் என்ன செய்வான்?” “பொம்பளைகளயும் பிள்ளைகளயும் முன்னால விட்டுட்டுப் பின்னால நின்னானுவ.”

நான் இந்த ஊர்க்காரி. இவற்றைச் சொல்கிறவர்களில் பலர் ஆலைக்கு ஆதரவானவர்கள் அல்ல; செத்தவர்களுக்காக வருந்துகிறவர்கள்கூட இவற்றைச் சொல்கிறார்கள். அதனால்தான் இவற்றைப் பொய்ப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. இவை பொதுப்புத்தியாகிவிட்டன. துப்பாக்கியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் ஊர் எதை நம்புகிறதோ அதுதான் அடுத்த முறை துப்பாக்கி தூக்கப்படும்போது ஊர் என்ன கேள்வி கேட்கும் என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் 144. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, அவசர நிலைமையில் சில செயல்களைத் தடைசெய்து உத்தரவிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்குத் தருகிறது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. பேரணிக்கு முந்தைய நாள் தூத்துக்குடியின் சில காவல் நிலைய எல்லைகளுக்கு இந்த உத்தரவு போடப்பட்டது உண்மை. அதை மீறினால் என்ன தண்டனை? 2018இல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின்படி, ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறியதால் மனித உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். அவ்வளவுதான். தடையுத்தரவு போட்ட இடத்துக்குள் காலெடுத்து வைத்தவரைச் சுடலாம் என்று அந்தப் பிரிவிலோ அதை ஒட்டிய பிரிவுகளிலோ ஒரு சொல்கூட இல்லை. 200 ரூபாய் அபராதக் குற்றம் ஒன்றை மரண தண்டனைக்கு உரியதாக மாற்றியது சட்டம் அல்ல. சட்டத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் கதை.

கூட்டத்தைக் கலைப்பதற்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. பழைய சட்டத்தில் 129 முதல் 132 வரை; புதியதில் 148 முதல் 151 வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடினால், நிர்வாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவரோ கலைந்துபோகும்படி ஆணையிடலாம். கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். அந்தப் பிரிவில் இருக்கும் சொல் ‘பலம்’. துப்பாக்கி என்ற சொல் அதில் இல்லை. இன்னொரு சொல் இருந்தது: கலைக்கும் வேலையில் உதவும்படி ‘எந்த ஆண் நபரையும்’ அதிகாரி கேட்கலாம் என்று 2018இல் நடைமுறையில் இருந்த 129ஆம் பிரிவு சொன்னது. பலம் என்றால் ஆண் என்பது எங்கள் தெருவின் வழக்கு மட்டுமல்ல, சட்டத்தின் வாசகமும் அதுதான். அந்த வாசகத்தின்படி பெண் கலைக்கும் பக்கத்தில் இல்லை. கலைக்கப்படும் பக்கத்தில் மட்டும்தான் இருந்தாள்.

இரண்டாவது நம்பிக்கை, வானத்தை நோக்கிச் சுடுவது. இது எந்த அளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்றால், காவல்துறையைக் கடுமையாக விமர்சிக்கிறவர்களும் “முதலில் வானத்தை நோக்கிச் சுட்டிருக்க வேண்டாமா?” என்றுதான் கேட்கிறார்கள். 1964இல் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு ஏற்றுக்கொண்ட மாதிரி விதிகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன: எச்சரிக்கைக்காக வானத்தை நோக்கிச் சுடுவதும், கூட்டத்தின் தலைக்கு மேல் சுடுவதும் அனுமதிக்கப்படவில்லை. காரணம் எளிமையானது. மேலே போன குண்டு எங்காவது இறங்கும். தலைக்கு மேல் சுட்டால் முன்வரிசையில் கல்லெறிபவன் தப்பிப்பான். பின்னால் மாடியில் துணி காயப்போடுகிறவள் சாவாள். அதே விதிகள் குறி தாழ்வாக இருக்க வேண்டும், கூட்டத்தின் மிக ஆபத்தான பகுதியை நோக்கி இருக்க வேண்டும் என்கின்றன. எச்சரிக்கை என்பது வாயால், ஒலிபெருக்கியால், எல்லோருக்கும் கேட்கும்படி செய்ய வேண்டியது. குண்டால் செய்வதல்ல.

இப்போது உடல்களைப் பார்ப்போம். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ஆராய்ந்து 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட கட்டுரை, இறந்த 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்ததாகவும், அவர்களில் பாதிப்பேர் பின்புறமிருந்து சுடப்பட்டவர்கள் என்றும் சொன்னது. பள்ளிப்படிப்பை முடித்திருந்த ஓர் இளம்பெண்ணின் பின்தலையில் நுழைந்த குண்டு வாய் வழியாக வெளியேறியிருந்தது. ‘வானத்தை நோக்கி’, ‘முட்டிக்குக் கீழே’ என்ற இரண்டு வாக்கியங்களையும் அந்த அறிக்கைகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தவர்களால் யாருடைய உயிருக்கு ஆபத்து இருந்திருக்க முடியும்?

நம் பக்கத்துப் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேனின் மேல் சீருடை இல்லாமல் ஏறி நின்று ஒருவர் குறிபார்க்கும் காட்சி வெளியானதும், “ஸ்னைப்பர் வைத்துக் கொன்றார்கள்”, “மெஷின் கன் பயன்படுத்தினார்கள்” என்ற பதிவுகள் பரவின. பரவலாகப் பேசப்பட்ட எஸ்.எல்.ஆர். என்பது ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு மட்டும் வெளியேறும் துப்பாக்கி. அடுத்த குண்டு தானாக நிரம்பிக்கொள்ளும். சுடுவது தானாக நடக்காது. இதைத் திருத்துவதால் காவல்துறையின் பொறுப்பு குறைகிறதா? கூடத்தான் செய்கிறது. இயந்திரத் துப்பாக்கி என்றால் பொழிந்த குண்டுகளில் ஏதோ ஒன்று பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டு என்றால், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு விரலும் ஒரு முடிவும் உண்டு. 7.62 மில்லிமீட்டர் குண்டு போடும் அந்தத் துப்பாக்கி, போர்க்களத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்தில் இருக்கும் எதிரியை வீழ்த்துவதற்காக உருவாக்கப்பட்டது. மனு கொடுக்கப் போகும் கூட்டத்தின் எதிரில் அது ஏன் இருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மிகைப்படுத்திச் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மிகையை மட்டும் மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்றாவது, தற்காப்பு. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, தாக்கப்படுபவர்கள் தங்களைக் காத்துக்கொள்வது இயல்பு என்ற பொருளில் பேசினார். சில நாட்கள் கழித்து மருத்துவமனைக்கு வந்துபோன ரஜினிகாந்த், போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: சுட்டவர் தாக்கப்பட்டவர், செத்தவர் தாக்கியவர்.

கல்லெறி நடக்கவில்லை, வாகனங்கள் எரியவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தன. ஆனால் தற்காப்பு என்பது சட்டத்தில் அளவுகள் உள்ள ஒரு சொல். அன்றைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 99ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. மரணம் விளைவிக்கும் அளவுக்குப் போவதற்கு, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, கடத்தல் என்று 100ஆம் பிரிவு பட்டியல் போட்டது. குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பதைத் தடுப்பதற்கும் அந்த உரிமை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து நீடிக்கும் வரைதான் உரிமை நீடிக்கும். தீ வைக்கிறவனைத் தடுக்கும் உரிமை, அந்த இடத்தைவிட்டு ஓடுகிறவளின் பின்தலை வரை நீளாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விதிவிலக்கு என்று சொல்கிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவு.

இந்தச் சட்டத்தைப் பெண்கள் பயன்படுத்த முயலும்போது என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். 2012இல் மதுரையில், மகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முயன்ற கணவனை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்தான். அன்றைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் 100ஆம் பிரிவின் கீழ் அவரை விடுவித்தார். அப்போது எழுந்த கேள்விகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியதை ஒரு காவல் அதிகாரி எப்படி முடிவு செய்யலாம்? எத்தனை அடி அடித்தாள்? கத்திக் கூப்பிட்டிருக்கலாமே? கேட்கக் கூடாத கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதின்மூன்று பேர் செத்தபோது இதே கேள்விகள் எங்கே போயின? எத்தனை சுற்று? ஓடுபவரை ஏன்? நீதிமன்றத்துக்குப் போகாமல் தற்காப்பு என்று யார் முடிவு செய்தது? வீட்டுக்குள் கையில் கிடைத்த மட்டையைத் தூக்கிய பெண்ணின் ஒவ்வோர் அடியையும் எண்ணுகிற சமூகம், பயிற்சியும் கவசமும் ஆயுதமும் உள்ளவரின் குண்டுகளை எண்ண மறந்துவிடுகிறது. பெண்ணின் தற்காப்பு நிரூபிக்க வேண்டிய வாதம். சீருடையின் தற்காப்பு, செய்தி வாசிப்பில் ஒரு வரியாகவே உண்மையாகிவிடுகிறது.

இதில் நம் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 2003இல் வந்த ‘காக்க காக்க’ போன்ற படங்களில் என்கவுன்டர் செய்யும் அதிகாரியின் துப்பாக்கிக்கு நியாயம் தருவது அவன் காதலிக்கும் பெண்ணுக்கு நேரும் ஆபத்து. பெண் அங்கே துப்பாக்கி தூக்கப்படுவதற்கான காரணம். அவளைக் காக்கத்தான் அது சுடுகிறது என்று இரண்டு மணி நேரம் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அதே துப்பாக்கி அவளை நோக்கித் திரும்பியதைக் காண முடியவில்லை. அதனால்தான் நான்காவது வாக்கியம் தேவைப்படுகிறது: பெண்களைக் கேடயமாக்கினார்கள்.

பொதுப்பேச்சில் எனக்கு ஆகக் கோபம் வருவது இந்த வாக்கியத்தின் மேல்தான். 2018 பிப்ரவரி 12 அன்று அ.குமாரரெட்டியபுரத்தில் தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள் மே 22. அந்த நூறு நாளும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சோறு பொங்கி வைத்துவிட்டு வந்தார்கள், பீடி சுற்றும் தட்டோடு வந்தார்கள், கைப்பிள்ளையோடு வந்தார்கள். தண்ணீரின் நிறத்தையும் பிள்ளையின் மூச்சிரைப்பையும் முதலில் பார்த்தவர்கள் அவர்கள்தான். பனிமய மாதா கோயிலருகிலிருந்து ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்ததும் அவர்கள் எடுத்த முடிவு. யாரோ முன்னால் தள்ளிவிட்டதால் வந்தவர்கள் என்று சொல்லும்போது அவர்களுக்கு இருந்த அரசியல் பறிபோகிறது. கூடவே, சுட்டவர் தலையில் இருக்க வேண்டிய பழி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தாயின் தலைக்கு இடம் மாறுகிறது. “அவ ஏன் பிள்ளையக் கூட்டிட்டுப் போனா?” என்று கேட்காத தெரு இங்கே உண்டா?

இந்தக் கேள்விக்குத் திரேஸ்புரம் பதில் சொல்கிறது. சங்கு குளிப்பவர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் வாழும் கடற்கரைக் குடியிருப்பு அது. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோன பிறகும் கடலுக்குள் மூச்சடக்கி இறங்கும் தொழிலை விடாத இடம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வெகுதூரம். அங்கே, அதே 22ஆம் தேதி, ஒரு மீனவப் பெண் தலையில் குண்டடிபட்டு இறந்தார். மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்றார்கள் குடும்பத்தார். எந்த ஆட்சியர் அலுவலகத்தைக் காக்க அங்கே சுட்டார்கள்? தற்காப்பு, கேடயம், 144 என்ற மூன்று வாக்கியங்களில் எதுவும் அவர் உடலுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாததால்தான் விவாதங்களில் திரேஸ்புரம் அதிகம் பேசப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

இத்தனை வாக்கியங்களும் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அரசு என்ன செய்தது? சமூக ஊடகங்களில் வதந்தி பரவுகிறது என்று காரணம் சொல்லி, மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா, எந்த மருத்துவமனையில் கிடக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு வதந்தியைத் தவிர வேறு செய்தி கிடைக்காமல் போனது. சுட உத்தரவிட்டவர்கள் துணை வட்டாட்சியர்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் முதலமைச்சர்.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கையை அளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தொலைக்காட்சி பார்த்து அறிந்ததாகச் சொன்னது சரியல்ல என்று அந்த அறிக்கை சொன்னது. தலைமைச் செயலாளரும் காவல்துறைத் தலைவரும் உளவுப்பிரிவுத் தலைவரும் அவருக்கு நிலவரத்தைத் தெரிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தூண்டுதல் இல்லாமலே சுடப்பட்டது, முறையான எச்சரிக்கையும் படிப்படியான நடவடிக்கையும் இல்லை, மறைவிடத்திலிருந்து ஓடும் மக்களை நோக்கிச் சுட்டார்கள் என்றது. ஒரே காவலர் 17 சுற்றுகள் சுட்டதைப் பதிவு செய்தது. 17 காவல்துறையினர் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. பிரபலங்கள் பேசும்போது நிதானம் வேண்டும் என்றும் சொன்னது.

ஒரு பெண் நீதிபதி தலைமையில், அரசே அமைத்த ஆணையம், அரசின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக மறுத்திருக்கிறது. அப்படியிருந்தும் டீக்கடை வாக்கியங்கள் மாறவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களை யார் படிப்பார்கள்? படித்தவர்களும் ஆலை திறக்குமா திறக்காதா என்பதை மட்டும் பேசினார்கள். அந்தக் கேள்விக்கு 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் வேதாந்தாவின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது ஒரு பதில் கிடைத்தது. ஆலை மூடியது மூடியதுதான். சுட்டதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அதோடு சேர்ந்து மூடப்பட்டுவிடக் கூடாது.

இது 2018இல் தொடங்கிய கதையும் அல்ல. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலியில் எழுந்த கூட்டத்தின் மேல் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். 2012 செப்டம்பரில் கூடங்குளம் போராட்டத்தின்போது மணப்பாட்டில் ஒரு மீனவர் சுடப்பட்டு இறந்தார். கலைக்கும் சட்டத்தின் வேர் வெள்ளைக்காரன் காலத்து நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் சட்டத்துக்குப் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொன்னால், அரசின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பு மட்டும் 132இலிருந்து 151க்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

துப்பாக்கி, குண்டு, பிரிவு எண் எல்லாம் ஆம்பிளைகள் சமாச்சாரம் என்றே நம் வீடுகளில் நினைக்கிறார்கள். விவாத மேடைகளிலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். பெண்களிடம் அழுகையை மட்டும் கேட்பார்கள். அழுகையைப் படம்பிடித்துவிட்டு அறிவை இன்னொருவரிடம் கேட்கும் இந்த ஏற்பாட்டில்தான் மேலே சொன்ன வாக்கியங்கள் பிழைத்திருக்கின்றன. சட்டம் ஒன்றும் புரியாத மொழியில் இல்லை. ஐந்து கேள்விகள் போதும். கலையச் சொன்னது யார், எந்த அதிகாரத்தில்? அது எல்லோர் காதிலும் விழுந்ததா? அதற்கு முன் வேறு வழிகள் முயலப்பட்டனவா? எந்த ஆயுதம், எத்தனை சுற்று? குண்டு உடலில் எந்தப் பக்கம் நுழைந்தது?

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிதண்ணீர் என்று மனுவை மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் பெண்கள் ஏராளம். மே 22 ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று போனவர்களும் மனு கொடுக்கத்தான் போனார்கள். “ஏன் போனாய்?” என்ற கேள்வியை அவர்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, மேலே உள்ள ஐந்தையும் கேட்க வேண்டியவர்களிடம் கேட்கத் தொடங்குவோம்.